அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், வீட்டில் பதினோரு பேர்: கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கிறிஸ்துமஸ் அன்று என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடுச்சாமப் பூசை, விடியக்காலையில் ஒரு குட்டித் தூக்கம், பலகாரத் தட்டு, மதியம் பிரியாணி. அது தன் பாட்டுக்கு நடந்துவிடும். நான் வருடா வருடம் திணறியது 26, 27, 29 ஆகிய தேதிகளில்தான். பண்டிகை முடிந்திருக்கும், வந்தவர்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்காது, காலை ஏழு மணிக்குப் பதினோரு பேரும் ஒரே குளியலறையைப் பார்த்து நிற்பார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் 25ஆம் தேதிக்கு இடம் குறைவு, மற்ற நாட்களுக்கு அதிகம்.

எங்கள் கணக்கு இது: நாங்கள் மூன்று பேர், மாமியார், பெங்களூரிலிருந்து நாத்தனார் குடும்பம் நான்கு பேர், சென்னையிலிருந்து கொழுந்தனார், அவர் மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தை. உங்கள் வீட்டில் ஆறு பேர் என்றால் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வேலை மட்டும் பாதியாகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டிசம்பர் 10: போன் போடும் நாள்

அரசுப் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு பெரும்பாலும் 23ஆம் தேதியை ஒட்டி முடியும். அன்று இரவே எல்லோரும் கிளம்பிவிடுவார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, கேட்டுவிட வேண்டும். என்றைக்கு வருகிறீர்கள், எந்த நேரத்துக்கு, என்றைக்குக் கிளம்புகிறீர்கள். கடைசிக் கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சம். "எப்ப கிளம்புறீங்க" என்று கேட்டால் விரட்டுவதுபோல் இருக்கும். நான் "ரிட்டர்ன் டிக்கெட் போட்டாச்சா அண்ணி, கூட்டமா இருக்குமே" என்று கேட்பேன். தேதி தானாக வந்துவிடும்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் இல்லை என்பது வெளியூர் மருமக்களுக்கு இன்றும் வியப்பு. சென்னையிலிருந்து வருபவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கித் திருப்பத்தூர் வழியாகப் பஸ் பிடிக்கலாம். சேலம், பெங்களூர் பக்கமிருந்து ரயிலில் வருவதானால் தர்மபுரியோ ஓசூரோதான். பெங்களூர்க்காரர்கள் எப்படியும் பஸ்ஸிலோ காரிலோ வருவார்கள். அவர்களிடம் 24ஆம் தேதி மாலையில் கிளம்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஓசூர் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடும். தெற்கேயிருந்து காரில் வருபவர்கள் தொப்பூர் கணவாயை இருட்டில் கடக்காமல் பார்த்துக்கொண்டால் நமக்கு நிம்மதி. லாரிகள் இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

துணி தைக்கக் கொடுப்பதானால் இந்தத் தேதிக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் ரெடிமேட்தான், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 14: குடிலுக்கு ராகி

கிறிஸ்துமஸ் குடிலில் பச்சைக் காகிதம் விரிப்பவர்கள் விரிக்கட்டும். ராகி விளையும் மண்ணில் இருந்துகொண்டு காகிதப் புல் வாங்குவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. ஒரு கைப்பிடி ராகியை இரவு ஊறவையுங்கள். காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். தட்டையான தட்டுகளிலோ கொட்டாங்குச்சிகளிலோ இரண்டு விரல் உயரத்துக்குச் சலித்த மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும் போட்டு, முளையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மண் தூவுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். இரண்டு நாள் நிழலில், பிறகு காலை வெயிலில்.

மார்கழிக் குளிரில் முளைப்பு மெதுவாகத்தான் இருக்கும். 24ஆம் தேதிக்குள் ஒரு விரல் நீளம் வளர்ந்தால் அழகு. சீக்கிரம் விதைத்தால் பயிர் நெட்டையாகிச் சாய்ந்துவிடும். ஒரு வருடம் ஆர்வக்கோளாறில் 5ஆம் தேதியே விதைத்துவிட்டேன். ஆடுகளும் ஒட்டகமும் புதருக்குள் காணாமல் போயின. இடையர் சுரூபத்தின் தலை மட்டும் தெரிந்தது.

இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் தினமும் பத்து நிமிடம் தண்ணீர் தெளிப்பது அவர்களுக்கு நல்ல சாக்கு.

டிசம்பர் 15 முதல் 19: தண்ணீர், வெந்நீர், கேஸ்

விருந்தாளிகள் வந்த வீட்டில் முதலில் தீர்வது தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுவதும், நாள்பட்டால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுவதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காக. அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு எந்த நாளில் வருகிறதோ அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கூட்டம் சேர்ந்ததும் "தண்ணி பத்தல, போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சுக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். வந்துபோகிறவர்களுக்கு ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் இந்தச் சாக்கில் வீட்டுப் பிள்ளைகள் போர் தண்ணீருக்குப் பழகிவிடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. நிரந்தரப் பல் உருவாகிவரும் எட்டு வயது வரை அவர்கள் விஷயத்தில் கவனமாகவே இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற தெருவானால், 20 லிட்டர் குடங்களோ கேன்களோ ஆறு மூடியோடு இருக்க வேண்டும். இவற்றில் நல்ல தண்ணீர் மட்டும். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் போர் தண்ணீர். இரண்டும் கலந்துவிடாமல் இருக்க நாங்கள் நல்ல தண்ணீர்க் கேன்களின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். சென்னைக்காரர்கள் குடிநீரில் கை கழுவும் சோகம் அதோடு நின்றது. மேல்தொட்டியை 19ஆம் தேதிக்குள் கழுவிவிடுங்கள். 24ஆம் தேதி தொட்டியில் இறங்கி நின்றுகொண்டு "மோட்டாரைப் போடாதே" என்று கத்துவது வேண்டாம்.

வெந்நீருக்கு வெளியே விறகடுப்பும் பழைய செம்புத் தவலையும் போல ஒன்றும் கிடையாது. கிருஷ்ணகிரியிலேயே விடியற்காலையில் கை விறைக்கும், ஓசூர், தளிப் பக்கம் கேட்கவே வேண்டாம். பதினோரு பேருக்குக் கீசர் ஈடுகொடுக்காது. தென்னை மட்டை, பாளை, தேங்காய்ச் சிரட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே காயவைத்து மூட்டை கட்டிவிடுங்கள். ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைப்பது ஆண்கள் வேலை என்று எங்கள் வீட்டில் தீர்மானம் போட்டாகிவிட்டது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைத்துத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். காற்றுப் போக வழியில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் கம்பியை, தண்ணீருக்குள் வைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தக் கம்பியைப் பரண்மேல் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

கேஸ் சிலிண்டர் ஒன்று முழுதாகக் கையிருப்பில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் நாற்பது நாள் வரும் 14.2 கிலோ சிலிண்டர், பலகாரமும் சேர்ந்தால் அந்த ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் காலியாகிவிடுகிறது.

படுக்கையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கம்பளி, ஜமக்காளம், தலையணை எல்லாவற்றையும் இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் உதறிப் போடுங்கள். தரை குளிரும், பாய்க்கு மேல் ஜமக்காளம் கட்டாயம். மாமியாருக்கும் கைக்குழந்தைக்கும் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

டிசம்பர் 20 முதல் 22: பலகாரம், அதுவும் வரிசைப்படி

எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்குத் தட்டு போகும். அதில் இரண்டு வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள், ஒரு வீட்டில் மார்கழி முழுக்க அசைவம் கிடையாது. அச்சு முறுக்கில் முட்டை ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். இந்த மூன்று வீட்டாரும் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சாப்பிடவும் மாட்டார்கள். திருமணமாகி வந்த புதிதில் எனக்கு இது புரியவே மூன்று வருடம் ஆயிற்று. அதனால் வரிசை முக்கியம்: புது எண்ணெயில் முதலில் கைமுறுக்கு, அடுத்து முட்டையில்லாத கல்கல் (சீப்பில் உருட்டிப் பொரிக்கும் குட்டி இனிப்பு), அப்புறம் முட்டையில்லாத அச்சு முறுக்கு. இவற்றைத் தனித் தூக்கில் போட்டு மூடிய பிறகே முட்டை வீட்டுக்குள் வரலாம். தட்டு கொடுக்கும்போது "இதுல முட்டை இல்லைங்க அக்கா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடு.

அச்சு முறுக்கு பலருக்கும் காலை வாருவது. அளவு: வீட்டில் இடித்துச் சலித்த பச்சரிசி மாவு அரை கிலோ, மைதா 100 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப் பால், எள் ஒரு கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை சேர்ப்பதானால் இரண்டு. முட்டை இல்லாவிட்டால் மைதாவை 150 கிராமாக்குங்கள், பிடிமானம் கிடைக்கும். மாவு தோசை மாவைவிடச் சற்றே நீர்க்க இருக்க வேண்டும். சர்க்கரை கூடினால் சீக்கிரம் கறுக்கும், அச்சிலும் ஒட்டும்.

புது அச்சானால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள். எண்ணெய் காயும்போது அச்சும் எண்ணெய்க்குள்ளேயே கிடந்து காய வேண்டும். சூடான அச்சை எடுத்து எண்ணெயை உதறி, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். மேல் விளிம்பு வரை மாவு ஏறினால் முறுக்கு அச்சைக் கவ்விக்கொண்டு இறங்கவே இறங்காது. சூடான அச்சு மாவில் பட்டதும் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் அச்சு ஆறிவிட்டது என்று அர்த்தம். எண்ணெயில் விட்டு லேசாக ஆட்டினால் பூ கழன்றுவரும். முதல் நாலைந்து கெட்டுப்போகும், அதைப் பிள்ளைகளுக்கென்றே கெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கல்கல் உருட்டப் பிள்ளைகள் போதும். புது சீப்பு ஒன்று வாங்கிக் கழுவி அதன்மேல் மாவை அழுத்தி உருட்டச் சொல்லுங்கள். கேக்கைக் கடையில் வாங்கிவிடுங்கள். இதைச் சொல்ல எனக்குத் துளியும் வெட்கமில்லை.

23, 24: வீடு நிறைகிறது

மார்கழியும் தையும் பச்சை மொச்சைக் காலம். எங்கள் பக்கத்தில் பிதுக்கம் பருப்புக் குழம்பு இல்லாமல் இந்த லீவு கழியாது. வந்து இறங்கிய பிள்ளைகளின் கையிலிருந்து போனை வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாலு கிலோ காய் வாங்கினால் ஒன்றரை கிலோ கொட்டை தேறும். நன்றாக முற்றிய, ஆனால் காயாத காயாகப் பார்த்து வாங்குங்கள். பிஞ்சு பிதுங்காது, நசுங்கும். 23ஆம் தேதி மாலை காயை உரித்து, கொட்டையை இரவு முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். காலையில் தோல் உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து, பருப்பு தெறித்துப் பாத்திரத்தில் விழும், அல்லது எதிரே இருப்பவர் மூக்கில் விழும். நாத்தனார் பையன்கள் இருவரும் யார் எவ்வளவு தூரம் தெறிக்கவிடுவது என்று போட்டி வைப்பார்கள். அதட்டாதீர்கள், கீழே ஒரு வேட்டியை விரித்துவிடுங்கள். பெரியவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். ஊர்க்கதை முழுக்க அந்த வேட்டியைச் சுற்றித்தான் பேசி முடியும்.

குழம்புக்கு: மல்லி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு வறுத்து, சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய் சேர்த்து அரையுங்கள். வெங்காயம், தக்காளி வதக்கிப் பருப்பைப் போட்டு, பாதி வெந்ததும் மசாலாவை ஊற்றி, கடைசியில் துளிப் புளி. குக்கரில் வைக்காதீர்கள், குழைந்துவிடும். பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும். 24ஆம் தேதி மதியத்துக்கு இது போதும். அன்றைக்கு இரவு யாரும் பெரிதாகச் சாப்பிடப் போவதில்லை.

கேரல் பாடகர்கள் எந்த ராத்திரியும் வருவார்கள். பெரும்பாலும் நீங்கள் படுத்த பிறகுதான் வருவார்கள். பிளாஸ்கில் டீயும் ஒரு தட்டு முறுக்கும் தயாராக இருக்கட்டும். கைக்குழந்தை கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடியைப் பார்த்து வீறிடும், அதற்கும் தயாராக இருங்கள்.

நடுச்சாமப் பூசைக்குப் போகும்போது பெரியவர்களுக்குக் குல்லா, சால்வை, பந்தலில் உட்கார ஒரு போர்வை. கிறிஸ்தவர்கள் நிறைந்த எலத்தகிரி போன்ற ஊர்களில் ஊரே கோயிலில் இருக்கும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். மாமியாரால் முடியாவிட்டால் வற்புறுத்தாதீர்கள், 25 காலைப் பூசை இருக்கிறது. பூசை முடிந்து வந்ததும் குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைப்பது வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளையின் உரிமை. அது தூங்கிவிட்டிருந்தால் தூக்கத்திலேயே கையைப் பிடித்து வைக்கவைப்போம்.

25

பிரியாணி செய்யத் தெரியாத வீடு இந்தப் பக்கம் குறைவு, அளவு மட்டும் சொல்கிறேன். அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து இருபது பேர் என்றால் சீரகச் சம்பா 2 கிலோ, ஆட்டுக்கறி 2 கிலோ, கேட்டு வாங்க வருபவர்களுக்காகக் கூட அரை கிலோ. கறிக்கடையில் 25 காலை வரிசையில் நிற்பதைவிட 24 மாலையே சொல்லிவைத்து, விடிந்ததும் போய் வாங்குங்கள். எங்கள் பெரியப்பா காலத்தில் முந்தின வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் ஆட்டையே பிடித்து வருவார்களாம். அந்தக் காலத்துக் குடும்பத்தின் அளவு அப்படி.

பெரிய அண்டாவைக் கழுவுவது யார் என்பதைச் சமைப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சாப்பிட்ட பிறகு ஆள் அகப்படாது.

26 முதல் 30: இந்த வழிகாட்டி எழுதியதே இதற்காக

முதலில் மாவு. பதினோரு பேருக்கு ஒரு வேளைக்கு 45 இட்லி. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்று அரைத்தால் 50க்குக் குறையாமல் வரும். நான் முதல் வருடம் செய்த தப்பு, வழக்கம்போல் இரவு எட்டு மணிக்கு மாவைக் கரைத்துவைத்தது. 26 காலை ஆறு மணிக்குத் திறந்தால் வைத்தபடியே கிடந்தது. இட்லி கல்லாக வந்தது. நாத்தனார் "பரவால்ல, வடை மாதிரி இருக்கு" என்றார், அதை இன்னும் நான் மறக்கவில்லை. இந்தக் குளிரில் மாவு பொங்க 12 முதல் 14 மணி நேரம் ஆகும். மதியம் மூன்றுக்கே அரைத்து, உப்புப் போட்டுக் கையால் நன்றாகப் பிசைந்து, சமையல் முடிந்த அடுப்புக்கு அருகில் கோணிச் சாக்கால் சுற்றிவையுங்கள். மூன்று நாள் மாவை ஒன்றாக அரைப்பதானால், பொங்கிய பிறகே மிச்சத்தைப் பிரிட்ஜில் வைக்க வேண்டும்.

பால் ஒரு நாளைக்கு 3 லிட்டர். பால்காரரிடம் 20ஆம் தேதியே சொல்லிவிடுங்கள்.

காலைச் சண்டை குளியலறைக்குத்தான். வெளியே கிளம்ப வேண்டியவர்கள் முதலில், பிள்ளைகள் பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் முற்றத்தில் வெந்நீரில். அவர்களுக்கு அது விளையாட்டு, நமக்கு ஒரு மணி நேரம் மிச்சம்.

வேலையைப் பிரிப்பதில் வெட்கப்படாதீர்கள். விருந்தாளி என்ற மரியாதை இரண்டு நாளைக்கு. மூன்றாம் நாள் அவரும் வீட்டு ஆள். நான் காகிதத்தில் அட்டவணை ஒட்டிப் பார்த்தேன், எல்லோரும் சிரித்தார்கள், யாரும் பார்க்கவில்லை. இப்போது ஆளுக்கு ஒரே ஒரு வேலை, வாரம் முழுக்க அதேதான். கொழுந்தனார் தண்ணீர், நாத்தனார் கணவர் வெந்நீர் அடுப்பும் குப்பையும், என் வீட்டுக்காரர் காய்கறி, பால், கடை. பெரிய பையன் பாய் சுருட்டுவது. சமையலில் நாங்கள் மூன்று பெண்களும் முறைவைத்து, ஒருவருக்கு ஒரு நாள் முழு ஓய்வு. ஓய்வு நாளில் அவர் சமையலறைக்குள் வந்தால் விரட்டிவிட வேண்டும். மாமியார் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட மாட்டார், விட்டுவிடுங்கள்.

பிரியாணிக்கு அடுத்த இரண்டு நாளில் வயிறு மந்தமாகிவிடும். 27ஆம் தேதி களி போடுங்கள். ராகி மாவு ஒரு கிலோ, நொய் 200 கிராம், தண்ணீர் 3 லிட்டர். கொதிக்கும் தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவிட்டு உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். உடனே கிண்டக் கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் விட்டால், கஞ்சி அந்தத் துளை வழியாகப் பொங்கி மாவை நனைக்கும். பிறகு இறக்கி வைத்து, ஒருவர் பாத்திரத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கட்டி இல்லாமல் கிண்ட வேண்டும். மறுபடி ஐந்து நிமிடம் மூடிவைத்து, தண்ணீர் தொட்ட கையால் உருட்டுங்கள். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ. பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு 'முத்தே' என்று சொன்னால் உடனே தட்டை நீட்டும். களி என்று சொன்னால்தான் முகம் சுளிக்கும்.

வெளியே கூட்டிப்போவது ஒரே ஒரு நாள் போதும். இந்த வாரத்தில் ஒகேனக்கல்லுக்கு நாலு மாவட்டமும் பெங்களூரும் சேர்ந்து வரும். போகத்தான் வேண்டும் என்றால் 25, சனி, ஞாயிறு, ஜனவரி 1 இவற்றை விட்டு ஒரு வேலை நாளில், காலை எட்டு மணிக்குள் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். காவிரியில் தண்ணீர் அதிகம் வந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடும், முந்தின நாள் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏற வேண்டாம், போட்டோவுக்காகக்கூடக் கழற்ற வேண்டாம். பொரித்த மீனைச் சாப்பிட்டுவிட்டு நண்பகலுக்குள் திரும்பிவிட்டால் மலைப்பாதை நெரிசலில் மாட்ட மாட்டீர்கள்.

கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் அருகிலேயே இருக்கிறது. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைப் பூங்காவில் ஒரு மாலை, தண்ணீரில் மட்டும் இறங்கவிடாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு மல்லச்சந்திரத்தில் பழங்காலத்து ஈமச்சின்னங்களான கல்திட்டைகளைக் காட்டலாம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4,200 ஆண்டுப் பழமையானது என்று 2022இல் அறிவித்தார்களே, அது இதே மாவட்டம்தான் என்று சொன்னால் கண் விரியும். ஓசூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டை எட்டிப் பார்க்கலாம்.

தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கக் கிராமங்களில் இரவு தங்குபவர்கள் கவனம். ராகி அறுவடையை ஒட்டிக் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும் காலம் இது. விடியுமுன்னும் இருட்டிய பிறகும் பைக்கில் சுற்றக் கூடாது. உள்ளூர்க்காரர் "போகாதே" என்றால் போகக் கூடாது, அவ்வளவுதான்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. பொதுச் செலவுக்கு நாங்கள் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். வந்ததும் ஆண்கள் மூவரும் ஆளுக்கு ஒரே தொகை போடுவார்கள், கேஸ், பால், கறி எல்லாம் அதிலிருந்து. யார் எவ்வளவு செலவு செய்தார் என்ற பேச்சு எழுவதே இல்லை. மிஞ்சியதை மாமியார் கையில் கொடுத்துவிடுவோம். இதை ஆரம்பிப்பதற்கு முந்தின வருடம் நடந்தது வேறு கதை, அதை இங்கே எழுதினால் நாத்தனார் படித்துவிடுவார்.

மருந்துப் பெட்டியில் வெப்பமானி, பாராசிட்டமால் (குழந்தைக்குத் தனி, டாக்டர் சொன்ன அளவில்), ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. மாமியாரின் பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குக் கையிருப்பில் இருக்கிறதா என்று 23ஆம் தேதியே எண்ணிப் பாருங்கள். பண்டிகை நாளில் மருந்துக்கடை தேடி அலைவது நடக்கிற காரியமில்லை.

31, புத்தாண்டு, அதற்குப் பின்

31 இரவு நன்றிப் பூசை, அது முடியவே நள்ளிரவாகிவிடும். அன்று சமையல் எளிதாக இருக்கட்டும், புளிசாதமும் அப்பளமும் போதும். பைக்கை எடுத்துக்கொண்டு நள்ளிரவில் சுற்றக் கிளம்பும் இளவட்டங்களிடம் சாவியை வாங்கிவையுங்கள்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஜனவரி 1 மாலையில் கிளம்பாமல் 2 காலையில் கிளம்பட்டும். பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கும். ஆளுக்கு ஒரு பை கட்டிக் கொடுங்கள்: ராகி மாவு, உரித்த மொச்சை, மிஞ்சிய கைமுறுக்கு. மொச்சையைத் துணிப்பையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் வியர்த்து ஊசிவிடும். அவர்கள் போன அன்றே போர்வைகளைத் துவைக்க இறங்காதீர்கள். ஒரு நாள் சும்மா படுங்கள். பிள்ளையின் யூனிஃபார்மும் ஷூவும் எங்கே என்று மட்டும் தேடி வையுங்கள்.

நட்சத்திரமும் குடிலும் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை இருக்கும். அன்று மாலை சுரூபங்களைத் துடைத்துப் பழைய வேட்டித் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைப்போம். அதற்குள் ராகிப் பயிர் மஞ்சளாகிச் சாய்ந்திருக்கும். தட்டோடு எடுத்துப்போய் எதிர்வீட்டு ஆட்டுக்கு வைப்பது என் மகளின் வேலை. போன வருடம் ஆட்டோடு சேர்த்துக் கொட்டாங்குச்சியும் காணாமல் போயிற்று. இந்த வருடம் புதிதாக நாலு சிரட்டை எடுத்துவைக்க வேண்டும்.